மூன்று மாரியாயிகள்

ஒன்பது பெண்களின் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம், ஒலிவாங்கியைக் கையில் வாங்குவதற்கு முன்பே தைலம்மைக்கு வந்துவிட்டது. தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மண்டபத்தின் பின்வாசல் வழியாக இறங்கி, ஏ புளோக் மாடிப்படி ஏறி, வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருப்பாள். நாலாம் வகுப்போடு நின்றவளிடம் வந்து நூறு வருடத்துக் கதையைக் கேட்கலாமா என்று அவள் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தாள். கேட்கலாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

புக்கிட் செராய் ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது தாமான் செராய் குடியிருப்பு இருக்கிறது. ஐந்து மாடிக் கட்டடங்கள், ஒரு கோயில், ஒரு மண்டபம். பால்மரம் என்று சொல்ல ஒன்றுகூட மிச்சமில்லை. இருள் பிரியும் முன்னே ஆட்கள் வரிசையில் நின்று, பெயர் கூப்பிடக் கூப்பிட 'வந்தேன்' என்று குரல் கொடுத்த பெரட்டுக்களம் கார்கள் நிற்கும் இடமாகிவிட்டது, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகை இருந்த மேட்டில் துணி காயப்போடுகிறார்கள், ஆனாலும் மழை பெய்து ஓய்ந்த காலை வேளைகளில் தார் ரோட்டிலிருந்து புளித்த பால் வாசம் எழும்பும், அப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லாம் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் நிற்பார்கள், நின்றுவிட்டு மறுபடி எடுத்துக்கொள்வார்கள்.

தோட்டத்துக்கு நூறு வயது ஆகப்போகிறது என்று தெரிந்ததும் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சுவரில் கங்காணியின் படம் இருந்தது, கணக்கெழுதிய முதல் கிராணியின் படம் இருந்தது, வெள்ளைக்காரத் துரையும் அவருடைய நாயும் ஒரே சட்டத்துக்குள் இருந்தார்கள். காலைப் பசியாறல் கடை வைத்திருக்கும் இந்திராணி எழுந்து நின்றாள். அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதே இல்லை.

"நாய்க்கும் சேத்து மாலை போட்டிருக்கீங்க. மொதக் கப்பல்ல வந்து, காட்டை வெட்டி, கன்னு நட்டு, அது பால் குடுக்குற வரைக்கும் காவல் நின்ன ஒம்பது பொம்பளைங்க எங்க? உங்க வீட்டு அலமாரியில பூட்டி வச்சிருக்கீங்களா, தலைவரே?"

குடியிருப்பின் தலைவர் அம்பலவாணன் முன்னாள் லாரி ஓட்டுநர், ஆள் மலை மாதிரி இருப்பார், யாராவது குரலை உயர்த்தினால் கண் கலங்கிவிடும். "அவங்களுக்குப் படம் இல்லம்மா."

"இல்லாட்டி வரையச் சொல்லுங்க."

"படத்துக்குக் கீழ என்னா எழுதுறது? அவங்க கதை யாருக்குத் தெரியும்?"

எல்லோரும் திரும்பித் தைலம்மையைப் பார்த்தார்கள். அவளுடைய அம்மா முப்பது வருடம் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவள். நாலாம் வகுப்புப் படிக்கும்போது தைலம்மையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, அங்கே சேலையில் கட்டித் தொங்கும் இருபத்தாறு ஏணைகளை ஆட்டுவதற்கு அழைத்துக்கொண்டாள். பிள்ளையை விட வரும் பெண்களும் பால் கொடுக்க ஓடி வரும் பெண்களும் தங்கள் வீட்டுக் கதைகளை அங்கேதான் இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள், ஒரு கையால் ஒரு ஏணையையும் மறு கையால் இன்னொரு ஏணையையும் ஆட்டிக்கொண்டு அந்தச் சிறுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், பாடப் புத்தகத்துக்குப் போக வேண்டிய இடமெல்லாம் அவள் தலையில் இந்தக் கதைகளுக்குப் போய்விட்டது.

அதனால் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பசியாறிய பிறகு, மண்டபத்தில் தைலம்மை கதை சொல்வது என்று ஏற்பாடானது. முதல் ஞாயிறே தப்பு நடந்தது. அந்தத் தப்புக்குக் கிராணிதான் காரணம்.

கப்பலில் வந்த ஒன்பது பேரில் மூன்று பேருக்குப் பெயர் மாரியாயி. வேலையாட்களின் பெயரை எழுதும் செக்ரோல் புத்தகத்தில் ஒரே பெயரை மூன்று தடவை எழுதினால் தன் தலை சுற்றும் என்று கிராணி சொல்லிவிட்டான். வியாழக்கிழமை பதிந்த மாரியாயியை மாரியாயி என்றே எழுதிக்கொண்டான். மறுநாள் பதிந்த மாரியாயிக்கு வெள்ளி என்று பெயர் வைத்தான். அதற்கு மறுநாள் பதிந்த மாரியாயிக்குச் சனி என்று பெயர் வைத்தான். வீட்டில் மூன்று பேரும் மாரியாயி, புத்தகத்தில் ஒருத்திதான் மாரியாயி. சனி என்று எழுதப்பட்டவள் தைலம்மையின் அம்மாவின் அம்மாவைப் பெற்றவள். அவளைப் பற்றித் தைலம்மை அன்று வாயே திறக்கவில்லை, அடுத்த மாதம் சொல்கிறேன் என்று தாண்டிவிட்டாள். மற்ற இருவரைப் பற்றிச் சொல்லும்போது, படபடப்பில், பெரட்டுக்களத்தில் துரையின் முகத்துக்கு நேரே நின்று, "பிள்ளைங்களுக்குக் கூரை போடாட்டி நாங்க காட்டுக்குள்ள போக மாட்டோம்" என்று மூன்று மலைக்குக் கேட்கும்படி கத்தி, ஆயாக் கொட்டகையை வாங்கித் தந்தவள் மாரியாயி என்று சொன்னாள். கத்தியவள் வெள்ளி. மாரியாயி கத்தியதே இல்லை. அவள் இருட்டில் கைவிளக்கோடு போய்ப் பிரசவம் பார்த்தவள், தாய்க்குக் கேட்டால் போதும் என்ற அளவில் பேசினவள்.

மறுநாள் காலை, பி புளோக்கில் மாரியாயியின் வம்சத்தில் வந்த பரிமளம், எப்போதும் போல அடுப்படியில் நின்று கணவனிடம் மெதுவாக, "உப்பு போதுமான்னு பாருங்க" என்றாள். அது ஐந்து கட்டடத்திலும் கேட்டது. "நேத்து குடுத்த கொழம்புலயும் கம்மிதான் பரிமளம்!" என்று டி புளோக்கிலிருந்து யாரோ பதில் சொன்னார்கள். அதே நேரத்தில் கடையில் இந்திராணி, "ரெண்டு தோசை, ஒரு தேத்தண்ணி" என்று உள்ளே குரல் கொடுக்க, அது எறும்பு பேசியதுபோல அவள் உதட்டிலேயே நின்றுவிட்டது.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. வேலைக்குப் போக வேண்டிய திங்கட்கிழமை அது. பரிமளத்தின் வீட்டார் ஏழு பேருக்கும் குரல் பெருகிவிட்டதால், குப்பை லாரி வந்ததையும் கேஸ் லாரி வந்ததையும் அவர்கள் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள், கோயில் பூசாரி மணியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டார், தொலைந்துபோன பூனைகள் பரிமளத்தின் சின்ன மகள் ஒரு தடவை கூப்பிட்டதும் திரும்பி வந்தன. முதல் நாள் கூச்சத்தில் வாயில் துணியை வைத்துக்கொண்ட பரிமளம், நான்காவது நாள், முப்பது வருடமாகக் கணவனிடம் சொல்ல நினைத்ததைச் சொன்னாள். ஐந்து கட்டடத்திலும் பெண்கள் சன்னலுக்கு வந்து கை தட்டினார்கள். இந்திராணியின் கடையிலோ ஆட்கள் மேசையைத் தாண்டிச் சாய்ந்து, காதை நீட்டி, அவள் சொல்வதைக் கேட்கத் தொடங்கினார்கள். அவள் பேச்சை முடிவுவரை யாராவது கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் இந்திராணிக்கு அது பிடிக்கவில்லை. அவள் நேராக ஏ புளோக் மாடிப்படி ஏறி வந்தாள்.

"தைலு," என்றாள். தைலம்மை அவள் வாயருகே காதைக் கொண்டுபோனாள். "எங்க பூட்டியைத் தூக்கிப் பரிமளம் வீட்டுல குடுத்துட்டியேடி."

"நானா?"

"கத்துனது வெள்ளி. எங்க வெள்ளி. வீட்டுல மாரியாயி, செக்ரோல்ல வெள்ளி. நீ மாத்திச் சொன்னே, அது மாறிப் போச்சு. போய் ஒழுங்காச் சொல்லு."

அடுத்த மாதம் வரை காத்திருக்காமல், வந்த ஞாயிறே தைலம்மை சரியாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் கூட்டத்தின் நடுவிலிருந்து, "இப்பத்தான்டி மூச்சு வருது!" என்ற இந்திராணியின் குரலில் மண்டபத்து விசிறி ஆடியது. பரிமளம் மட்டும் அவளிடம் வந்து, பழைய சின்னக் குரலில், "இன்னும் ஒரு வாரம் விட்டிருக்கலாம் யக்கா" என்றாள்.

அன்றிலிருந்து தைலம்மை வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்தன. ஒன்பது பெண்களைப் பற்றி அவள் வாயிலிருந்து எது வருகிறதோ அது அவர்கள் பிள்ளைகளின் பிள்ளைகள் மேல் இறங்குகிறது என்று தெரிந்துபோனது, மழை வந்தால் குடை பிடிப்பதுபோல ஆட்கள் அதற்குத் தக நடக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்க பூட்டிக்கு முட்டி வலியே இருந்ததில்லைன்னு சொல்லு. எங்க ஆளு நல்ல உசரம்னு சொல்லு, பேரனுக்குப் போலீஸ் வேலைக்கு அரை அங்குலம் பத்தலை. எங்க ஆளு கொறட்டை விட மாட்டாள்னு சொல்லு, இவருக்காக. தைலம்மை எல்லோருக்கும் வரக் கோப்பி கலந்து கொடுத்து, எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லுவேன் என்று அழாத குறையாகச் சொல்லி அனுப்பினாள். தூக்கத்தில் உளறிவிடக் கூடாது என்று வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தாள். ஒரே ஒருவரிடம்தான் அவளால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

"நூறாவது வருச விழாவுக்கு நம்ம தொகுதியில ஜெயிச்ச வைபி வர்றாரு," என்றார் அம்பலவாணன். "நான் மேடையில நின்னு அழுதுடுவேன் தைலம்மா. எனக்கே தெரியும். கல்யாண வீட்டுல அழறேன், பந்தாட்டத்துல தோத்தா அழறேன். எங்க பூட்டி இரும்பு மாதிரி, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லைன்னு ஒரே ஒரு வார்த்தை. யாருக்கும் நஷ்டமில்ல."

தலைவர் கேட்கிறார், மறுத்தால் என்ன நினைப்பாரோ என்று பயந்து, தைலம்மை சொல்லிவிட்டாள். அம்பலவாணன் வீட்டில் கண்கள் உலர்ந்தன. அவர் இரண்டு திருமணங்களுக்குத் தலைமை தாங்கினார், கம்பீரமாக இருந்தார், எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாவது வாரம், தாய் இல்லாத அவரைத் தூக்கி வளர்த்த மூத்த அக்கா இறந்துபோனார்.

பிணத்தைச் சுற்றி அந்தக் குடும்பத்தில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவருக்கும் கண்ணில் ஈரம் வரவில்லை. மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது என்று பிறகு சொன்னார்கள். குடியிருப்பில் உள்ளவர்கள் முறை வைத்துக்கொண்டு வந்து அழுதார்கள், காலையில் ஏ புளோக், மத்தியானம் பி புளோக், இந்திராணி தனியாக ஒரு மணி நேரம் அழுதாள், ஆனால் மற்றவர்கள் அழுவதைப் பார்க்கப் பார்க்க அம்பலவாணனின் நெஞ்சு மரத்தில் உறைந்த கெட்டிப்பால் மாதிரி இறுகிக்கொண்டே போனது. காரியம் முடிந்த கையோடு வந்து, தைலம்மை வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எடுத்துடு தைலம்மா. என்னால முடியல. அக்காவை நான் எப்படித்தான் அனுப்புறது?"

தைலம்மை அவருக்கு மேல்படியில் உட்கார்ந்து, ஏணை ஆட்டும்போது கேட்டதைக் கேட்டபடியே சொன்னாள். அவருடைய பூட்டி கப்பலில் ஏறும்போது அழுதாள், இறங்கும்போது அழுதாள், முதல் கன்று செத்தபோது பிள்ளை செத்ததுபோல அழுதாள், ஏழாவது வருடம் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்துக்குள் முதல் சொட்டுப் பால் விழுந்தபோது மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே எல்லா வேலையும் செய்தாள், ஒரு வேலையும் நிற்கவில்லை. அம்பலவாணன் தலையைச் சுவரில் சாய்த்தார். அவர் அழுது முடிக்கும்வரை மாடி ஏறி இறங்க வேண்டியவர்கள் எல்லோரும் லிப்டுக்குக் காத்திருந்தார்கள், லிப்டு கெட்டுப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தும்.

நல்லதுக்கென்று சொன்ன ஒரு வார்த்தை இவ்வளவு செய்யும் என்றால், தன் வீட்டுப் பெண்ணைப் பற்றி என்ன சொல்வது என்று தைலம்மைக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் சனி என்று எழுதப்பட்ட அந்த மாரியாயி, தோட்டத்துக்கு வந்த ஐந்தாவது வருடம், ஒரு நாள் காலைப் பெரட்டுக்கு நின்றுவிட்டு, நான்கு வயது மகளை ஆயாக் கொட்டகையில் விட்டு, "வந்திடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். வரவில்லை. கள்ளுக்கடைக்காரனோடு ஓடிவிட்டாள் என்றார்கள், புலி தின்றுவிட்டது என்றார்கள், ஆற்றில் போய்விட்டாள் என்றார்கள், ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டாள் என்றார்கள், வேறு தோட்டத்தில் வேறு பெயரில் இருக்கிறாள் என்றும் சொன்னார்கள். இதில் எது உண்மை என்று தைலம்மைக்குத் தெரியாது. அந்த வம்சத்தில் இப்போது மிச்சம் இருப்பது இரண்டே பேர், அவளும் அவள் மகள் லோகேஸ்வரியும்.

லோகா கப்பல் எஞ்சின் படிப்புப் படித்தவள். விழா முடிந்த வியாழக்கிழமை அவள் சரக்குக் கப்பலில் ஏற வேண்டும், ஒன்பது மாதம் கடலில். தாமான் செராயிலிருந்து கப்பல் வேலைக்குப் போகும் முதல் பெண். "பயப்படாதேம்மா, கப்பல்ல எனக்கு மேல ஒரு பிலிப்பைன்ஸ் அக்கா இருக்காங்க, அவங்க ஊர்ல எஞ்சினுக்குப் போன மொதப் பொம்பளை அவங்கதான். அவங்க படத்தை அந்த ஊர்ச் சுவத்துல வரைஞ்சிருக்காங்களாம், மூக்கு மட்டும் வேற யாரோடதோன்னு சிரிக்கிறாங்க" என்று போனைக் காட்டினாள். தைலம்மை அந்தப் பெண்ணின் மூக்கை வெகுநேரம் பார்த்தாள். படத்தில் தப்பாக வரைந்தால் மூக்குத்தான் போகும்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அம்பலவாணன் வந்தார். "எட்டுப் படத்துக்குக் கீழ எழுதியாச்சு. உங்க வீட்டாளு பலகையில மட்டும் சனின்னு பேரு இருக்கு, கீழ வெறுமையா இருக்கு. வைபி கேப்பாரு, தைலம்மா. எங்க போனாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

ஒரு வார்த்தை தைலம்மையிடம் தயாராகத்தான் இருந்தது. திரும்பி வந்தாள். அவ்வளவுதான். அந்தி சாயும் நேரத்தில் கொட்டகைக்குத் திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள், அப்புறம் எங்கும் போகவில்லை. சொன்னால் லோகா வந்துவிடுவாள். எந்தக் கடலில் இருந்தாலும் வந்துவிடுவாள்.

அன்று துணி மடிக்கும்போது லோகா கேட்டாள். "ம்மா, என்னா சொல்லப் போறே?"

"இன்னும் யோசிக்கல."

"பொய். உதட்டை உதட்டைக் கடிக்கிறே. திரும்பி வந்துட்டாள்னு சொல்லப் போறே, அதானே?"

தைலம்மை ஒரே சட்டையை இரண்டாவது தடவை மடித்தாள்.

"சொன்னா நான் வந்துடுவேன்மா. பாதி வழியில எறங்கி வந்துடுவேன். கப்பலை விட்டுட்டு, ஏன்னே தெரியாம, வந்து இந்த நாற்காலியில ஒக்காந்துருப்பேன். தலைவரு அக்கா செத்தன்னிக்கு அந்த வீட்டுல எல்லாரும் எப்படி இருந்தாங்கன்னு பாத்தேல்ல?" அம்மா கையிலிருந்த சட்டையை அவள் வாங்கி வைத்தாள். "எனக்கே வரணும்னு தோணித்தான்மா நான் வரணும்."

"வேற எதைச் சொல்லச் சொல்றே? ஓடிட்டாங்கட்டுமா? புலி தின்னுச்சுங்கட்டுமா?"

"ஒண்ணும் சொல்லாதே."

"சொல்லாட்டி அவ பலகை காலியாத் தொங்கும்டி. நூறு வருசம் ஆச்சு, இன்னும் அவளைக் காலியாவே விடச் சொல்றியா?"

அன்றிலிருந்து தைலம்மை மகளிடம் குடை எடுத்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. தன் வாயிலிருந்து வரும் எது எங்கே போய் ஒட்டும் என்று அவளுக்கு நிச்சயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்து வெளியே கார் நிறுத்துமிடம் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். வைபி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒன்பது பெண்களும் இருந்தார்கள், வரைந்தவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொண்டை போட்டுவிட்டார் என்று பெண்கள் குறைபட்டார்கள். தைலம்மை எட்டுப் பேரைச் சொன்னாள். ஒவ்வொருவரைச் சொல்லும்போதும் அந்தந்த வீட்டார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், யாருக்கும் எதுவும் மாறவில்லை, எல்லாம் இருந்தபடியே இருந்தது. பிறகு அவள் நிறுத்தினாள். கடைசி வரிசையில் லோகா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்தாள் என்ற வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்து நின்றது.

கதையை மறந்துவிட்டாள் என்று நினைத்து, பக்கத்தில் இன்னொரு ஒலிவாங்கியோடு இருந்த அம்பலவாணன் பலகையைப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். "சனி."

தைலம்மை வாய் திறக்கவில்லை.

"சனி," என்றார் அவர் மறுபடி. அந்தப் பெயர் மண்டபத்தின் நான்கு ஒலிப்பெட்டிகளிலும் ஒலித்து, வெளியே பழைய பெரட்டுக்களம் வரைக்கும் போனது. தைலம்மை வாயை இறுக மூடிக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி நிற்கும்போதுதான், சின்ன வயதில் கூப்பிட்டுப் பதில் சொல்லாமல் நின்றால் அம்மா திட்டுகிற திட்டு அவளுக்குக் காதில் கேட்டது. சனின்னு கூப்ட்டப்ப அவ நின்ன மாதிரி நிக்கிறியேடி. அந்தத் திட்டையும், அதன் பின்னால் அம்மா அடுக்கும் கிராணியையும் பெரட்டையும் வெயிலையும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். அது திட்டு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தாள். கதை என்று நினைத்ததே இல்லை.

அவள் ஒலிவாங்கியை வாய்க்கு அருகே கொண்டுவந்தாள்.

"எங்க போனாள்னு எனக்குத் தெரியாது," என்றாள். "தெரியாததைச் சொல்ல மாட்டேன். தெரிஞ்சது ஒண்ணு இருக்கு. மொத நாள் பெரட்டுல கிராணி சனின்னு கூப்பிட்டான். அவ நின்னா. பதில் சொல்லல. நீதானேன்னு கேட்டான். பதில் சொல்லல. காது கேக்காதவள்னு எழுதினான், திமிர் புடிச்சவள்னு எழுதினான், வெயில்ல நிக்க வச்சான், நின்னா. பதினோரு நாள். அது அவ பேரு இல்ல, அதனால அது அவ மேல ஒட்டல. பன்னெண்டாம் நாள் அவனுக்கே தாங்கல. மாரியாயின்னு கூப்பிட்டான். மூணு மாரியாயியும் ஒண்ணாச் சேந்து, வந்தேன்னு சொன்னாங்க."

தைலம்மை சுவரில் இருந்த அந்தப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்கப்புறம் மூணு பேரையும் மாரியாயின்னுதான் கூப்பிட்டாங்க. அவ போன பின்னால ஊரு ஆயிரம் பேசுச்சு, நானும் ஒண்ணு சேத்துப் பேச இருந்தேன். யாரு என்னா பேரு வச்சாலும், யாரு என்னா கதை கட்டினாலும், அது ஒட்டாத பொம்பளை அவ. அவளைப் பத்தி அவ்வளவுதான்."

பரிமளம் முதலில் கை தட்டினாள், சத்தமே வரவில்லை. அடுத்து இந்திராணி தட்டினாள். அம்பலவாணன் வைபிக்குப் பக்கத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அன்று மாலைக்குள் பலகைகளில் சனி என்றும் வெள்ளி என்றும் எழுதியிருந்ததை அழித்து மாரியாயி என்று எழுதினார்கள், ஒரே சுவரில் மூன்று மாரியாயிகள் இருந்தால் வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்காதா என்று வைபி கேட்டாராம், குழம்பட்டும் என்று சொன்னார்களாம். அப்புறம் எங்கதான் போனாங்க என்று ஆளுக்கு ஆள் தைலம்மையை வந்து கேட்டார்கள், முதுகுக்குப் பின்னால் என்னென்னவோ சொன்னார்கள், அது எதுவும் தன்னைத் தொடவில்லை என்பதைப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது தைலம்மை கவனித்தாள், கவனித்துவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

வியாழக்கிழமை காலை லோகாவின் பையை வண்டியில் ஏற்றினார்கள். தைலம்மை வாயைத் திறந்தாள், பழக்கத்தில் உடனே மூடிக்கொண்டாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இனி யார் சொல்வதும் ஒட்டாது, பெற்றவள் சொல்வதும் ஒட்டாது, அப்படித்தான் அவளே சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சொல்லிவிட்டாள். கடல்ல காத்து ஒத்துக்காது, போகாதே என்றாள், போ, போகாட்டி என்னைத் திட்டுவே என்றாள், விழுந்துடுவே, கை மாட்டிக்கும், எவனாவது ஏமாத்துவான், சளி பிடிக்கும், தலையை நல்லாத் துவட்டு, எங்க பாட்டி மாதிரி என்னை வாசலைப் பாத்து ஒக்கார வச்சுடாதே, நீ வராட்டியும் நான் நல்லாத்தான் இருப்பேன், வராட்டி செத்துப்போவேன், உன்னை மாதிரி ஒரு பிடிவாதக்காரியை நான் பாத்ததில்ல, உன்னை மாதிரி ஒரு பொண்ணு யாருக்கும் கிடைக்காது என்றாள். லோகா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் தலைமுடி ஈரமாகவே இருந்தது, துவட்டவில்லை. வண்டி புறப்பட்டது, தைலம்மை அதனோடு பத்தடி நடந்து, நின்று, ஒன்றுக்கும் பயப்படாமல் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.